பத்து வாரங்களாக என் தட்டைத் தனியே வைத்திருக்கிறேன்

கேள்வி – பனியன் ஊர்க்காரன்:

வயது 29. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். நண்பனின் அப்பாவுக்கு ரத்தம் கொடுத்த பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள். அரசு எச்.ஐ.வி. பரிசோதனை நிலையமான நம்பிக்கை மையத்தில் மறுபடி பரிசோதித்ததில் எச்.ஐ.வி. உறுதியானது. அன்றிலிருந்து பத்து வாரங்களாக இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை. அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று சத்து மாத்திரைச் சீசாவில் கொட்டி வைத்திருக்கிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் ஆறவில்லை. வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் நானே பிரித்து வைத்துக்கொண்டேன். அக்கா மகளுக்கு மூன்று வயது. ஞாயிறு தோறும் என் தோளில் ஏறித்தான் சாமி அறை மணியை அடிப்பாள். போன வாரம் "மாமா, தூக்கு" என்று கையை நீட்டினாள். முதுகுவலி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இதற்கிடையில் அம்மா பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். யாரிடம் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?

பதில் – தாம்பரம் அக்கா:

தம்பி, முதலில் அந்தக் குழந்தையைத் தூக்குங்கள்.

எனக்கு 2005இல், கணவர் போன மூன்றாம் மாதம் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் அரசு எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பேன். மாமியார் வீட்டில் எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டு; சாப்பிடுவது கொல்லைப்புறத்தில். எனக்குப் பிறர் செய்ததை நீங்கள் உங்களுக்கே செய்துகொள்கிறீர்கள். படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது.

ஒருநாள் வரிசையில் பக்கத்தில் நின்ற பெண், பேச்சோடு பேச்சாக என் டப்பாவிலிருந்து இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கேட்கக்கூட இல்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு என் சாப்பாட்டில் இன்னொருவர் கை பட்டது அன்றுதான். வீட்டுக்குப் போகும் ரயிலில் அழுதுகொண்டே போனேன். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும். ஊருக்கே சொல்ல வேண்டாம், ஒருவர் போதும்.

பதில் – ஆலோசகர், மேற்கு மாவட்டம்:

எச்சில், தட்டு, முத்தம், ஒரே கழிப்பறை எதனாலும் இது பரவாது. மாத்திரையை அதன் டப்பாவிலேயே வையுங்கள்; ஈரத்தை உறிஞ்சும் பொட்டலம் அதில்தான் இருக்கிறது. வேண்டுமானால் லேபிளைக் கிழித்துவிடுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் நீங்கள் சொல்லத் தேவையில்லை. இதற்காக வேலையை விட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கல்யாணம் வேறு. அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் தாலி கட்டக்கூடாது. இதில் நான் இளகமாட்டேன். ஆறாம் மாதம் ரத்தத்தில் வைரஸ் அளவு பார்ப்பார்கள். அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, மாத்திரையும் விடாமல் தொடர்ந்தால் தாம்பத்தியத்தில் துணைக்குத் தொற்றாது. மருத்துவரின் ஆலோசனையோடு குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். தெரிந்தே சம்மதித்து மணந்த தம்பதிகளை எங்கள் மையத்திலேயே பார்க்கிறேன். இரவில் மனம் தாங்காவிட்டால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் பேசுங்கள், கட்டணம் கிடையாது.

பனியன் ஊர்க்காரன்:

நேற்று அக்காவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தோசை வார்த்து, தன் தட்டிலேயே வைத்துக் கொடுத்தாள். அடுத்த முறை மருந்து வாங்க அவளும் கூட வருகிறாள். பெண் பார்ப்பதை நிறுத்தி வைக்க அம்மாவிடம் அவளே பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பாப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.