நாட்பட்ட பெட்ரோலுக்குக் கலைச்சொல்: ‘ஊசல்’ வேண்டாம், ‘காறல்’ பொருந்தும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பல மாதங்கள் ஓடாமல் நின்ற பழைய வண்டியின் தொட்டியில் கெட்டுப்போகும் பெட்ரோலை ‘ஊசல் பெட்ரோல்’ எனலாம் என்று கிருஷ்ணகிரி நண்பர் எழுதியிருந்தார். எளிதில் விளங்கும் சொல்தான். ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். களியும் குழம்பும் ஊசுவது நுண்ணுயிர்களின் வேலை. பெட்ரோலைக் கெடுப்பதோ பெரும்பாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன். அது பெட்ரோலில் எளிதில் வினைபுரியும் பகுதியான நிறைவுறா ஐதரோகார்பன்களோடு மெல்லச் சேர்ந்து, முதலில் பெராக்சைடுகளையும் பிறகு பிசினையும் உண்டாக்குகிறது. நம் வீடுகளில் திறந்து கிடந்த கடலையெண்ணெய் கெடுவதும் ஏறக்குறைய இதே வழியில்தான். அதை ஊசிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை, காறிவிட்டது என்கிறோம். ஆகவே நிகழ்வுக்குக் ‘காறல்’, பொருளுக்குக் ‘காறிய பெட்ரோல்’ என்பன என் முன்மொழிவு. ‘நாட்பட்ட’ என்பது வயதை மட்டுமே சொல்கிறது. காற்றுப் புகாமல், நிழலில், நிறைத்து மூடிவைத்த பெட்ரோல் அதே வயதிலும் நன்றாக இருக்கக்கூடும்.

அண்மையில் பாலக்கோட்டில் மாமாவின் பழைய மொபெட்டை எடுத்தோம். தொட்டி மூடியைத் திறந்ததும் வார்னிஷ் போன்ற வாடை அடித்தது. கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் பசை படிந்திருந்தது. பெடலை மிதித்துக் கால் ஓய்ந்ததே மிச்சம். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் மெல்லிய துளையைச் சுத்தம் செய்தபடி மெக்கானிக், “இது செத்த பெட்ரோலுங்க” என்றார். அவர் சொன்னது வேறொரு உண்மை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் வெளியேறிவிடுவதால், குளிர்ந்த எஞ்சின் பற்றிக்கொள்ளப் போதிய ஆவி கிடைப்பதில்லை. இதைக் காறலோடு சேர்க்காமல் ‘ஆவியிழப்பு’ எனலாம்.

எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்த இன்றைய பெட்ரோலில் மூன்றாவது கேடும் உண்டு. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். தொட்டியின் அடியிலிருந்து எரிபொருள் எடுக்கும் வண்டி அதைத்தான் முதலில் குடிக்கும். இதற்கு ‘அடுக்குப் பிரிவு’ போதும். மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் வண்டிக்காரர்தான் ஏமாறுவார்: சிறிதளவே காறியதைப் புதிய பெட்ரோலில் கலந்து தீர்த்துவிடலாம், அடுக்குப் பிரிந்ததை முழுவதும் வடித்தாக வேண்டும், இறுகிய பிசினோ, புதிய பெட்ரோல் ஊற்றியதால் மட்டும் போகாது.

‘காறித் துப்புதல்’ நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கருணைக்கிழங்கு காறுகிறது என்று சொல்லும்போது எவரும் துப்புவதை நினைப்பதில்லை.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

—

ஐயா, வணக்கம்.

‘ஊசல்’ என்னும் என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் வீட்டில் ‘சிக்கு வாடை’ என்றே சொல்வோம். எனினும் ‘சிக்கு’ தலைமுடிச் சிக்கலையும் குறிப்பதால் ‘காறல்’ தெளிவானது. ஆனால் ‘ஆவியிழப்பு’ ஏட்டுச் சொல்லாகத் தோன்றுகிறது. பட்டறையில் ஏற்கெனவே வழங்கும் ‘செத்த பெட்ரோல்’ என்பதையே அந்த இடத்தில் வைத்தால் என்ன?