நல்ல சம்பளம் வாங்கிட்டு நேதாஜி மார்க்கெட்டில் பேரம் பேசலாமா?

சத்துவாச்சாரிக்காரன்

வீட்டுல ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். நான் பேங்க், அவங்க ஸ்கூல். பிடித்தம் போக மாசம் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல கைக்கு வருது. கடன் இல்லை, வீடு அப்பா கட்டினது.

காய் வாங்கறது நம்ம வேலூர் நேதாஜி மார்க்கெட்ல, ஞாயித்துக்கிழமை கடை கட்டற நேரத்துல. மளிகை லாங்கு பஜார்ல மொத்தமா. ஷூ, செருப்பு ஆம்பூர்ல எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ். வேட்டி, புடவை, போர்வை எல்லாம் கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி போடறப்போ வருஷத்துக்கும் சேர்த்து. ரேஷன் அரிசி விடறதில்லை, இட்லிக்கு அருமையா இருக்கு. பொண்ணு பேருல நகைக்கடைச் சீட்டு ஓடுது.

மச்சான் ஒருத்தர் நாலு பேர் நடுவுல "இவ்ளோ சம்பாரிச்சு இன்னாத்துக்கு, போறப்போ கட்டினு போவப்போறியா"ன்னு கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன். இங்க கேக்கறேன்: வசதி இருக்கிறவன் சிக்கனமா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

குடியாத்தம்_லுங்கி

ஒருத்தருக்கும் இல்லை அண்ணே. உங்க மச்சான் கார் லோன்ல இருப்பார், அதான் எரிச்சல்.

மார்க்கெட்பையன்

யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்களே, எங்கம்மாவுக்கு.

நீங்க சொல்ற அதே மார்க்கெட்ல சாக்கு விரிச்சு உக்காந்துனு கீறவங்கதான். விடியறதுக்கு முன்ன மண்டியில சரக்கு எடுக்கணும், அதுக்குத் துட்டு தண்டல்ல. 10,000 ரூபான்னு எழுதுவான், கையில 8,500 குடுப்பான். அப்புறம் தினம் நூறு ரூபா, நூறு நாள். தண்டல்காரன் சாயங்காலம் வண்டியை ஓரமா நிறுத்திட்டு நோட்டோட நிப்பான். அந்த நேரத்துலதான் உங்களை மாதிரி ஆளுங்க வந்து "கூறு இருபதுக்குக் குடு, இல்லாட்டி போறேன்"னு சொல்றது. அம்மா குடுத்துடும். உங்க பேச்சுத் திறமைக்காக இல்லை சார், அந்த நோட்டுக்காக. குடுத்தப்புறம் கொசுறா கொத்தமல்லி வேற.

ஏழை பேரம் பேசினா எங்கம்மா ஒண்ணும் சொல்லாது. ஒன்றரை லட்சம் வாங்கறவர் பேசறப்போதான் வீட்டுக்கு வந்து திட்டும்.

சத்துவாச்சாரிக்காரன்

தம்பி, கோபம் புரியுது. ஆனா நான் வாங்கற நேரத்தைக் கவனி. அந்தத் தக்காளி மறுநாள் தாங்காது. நான் இருபதுக்கு எடுக்கலைன்னா அது குப்பைக்குத்தான் போகும், அம்மா கைக்கு அந்த இருபதும் வராது. காலையில வந்து முதல் போணியிலேயே அடிச்சுக் கேட்டா அது தப்பு, நான் அப்படிச் செய்யறதில்லை.

மார்க்கெட்பையன்

சாயங்காலம் இருபதுக்குக் கிடைக்கும்னு தெரிஞ்சப்புறம் காலையில நாப்பது குடுத்து யார் சார் வாங்குவாங்க? உங்களை மாதிரி நூறு பேர் மதியம் வரைக்கும் வீட்டுலயே காத்துனு இருந்தா, கடை கட்டற நேரத்துல மிஞ்சாம என்ன பண்ணும்?

ஓய்வு_வாத்தியார்

இருவரும் சண்டையை ஒரு கூறு தக்காளியில் வைத்திருக்கிறீர்கள். என் மாணவர்கள் பலர் இன்று என்னைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள். மாசக் கடைசியில் கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறார்கள். அந்த நிலைக்குச் சத்துவாச்சாரித் தம்பியின் வழி ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு கணக்கு. பிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதியின் வட்டி 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம். அது அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டு, மாதம் ஐயாயிரம் மிச்சம் பிடித்து வருஷத் தொடக்கத்தில் 60,000 போட்டால், 15 வருஷத்தில் நாம் போட்டது 9 லட்சம், திரும்பி வருவது 16 லட்சத்துக்குச் சற்று மேல். வரியும் இல்லை.

அந்த ஐயாயிரத்தைக் கீரைக்காரியிடம் தேட வேண்டியதில்லை. வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் நின்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு சலுகை விலை. 501 ஆனால் அந்த இரண்டாவது நூறின் சலுகை போய்விடும். ஒரே ஒரு யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். மே, ஜூனில் மீட்டரை நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

காந்திநகர்_அக்கா

எல்லா ஆம்பளைங்களும் ரூபாய்க் கணக்கு போட்டாச்சா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடை கட்டற நேரத்துல வாங்கின ஆறு கிலோ தக்காளியை என்ன பண்ணுவீங்க? அடியில இருக்கறது நசுங்கியிருக்கும், அன்னிக்கு ராத்திரியே தொக்கு கிளறணும். கீரைக்கட்டைப் பிரிச்சா நடுவுல கொழகொழன்னு இருக்கும், பாதியைத் தூக்கிப் போட்டு மீதியை ஆயணும். ரேஷன் அரிசியில கல் பொறுக்கணும், நாலு தண்ணி கழுவணும். மொத்தமா வாங்கின பருப்புல வண்டு வராம வெயில்ல காய வைக்கணும், சாயங்காலம் மறக்காம எடுக்கணும்.

திங்கக்கிழமை காலையில உங்க வீட்டம்மா ஸ்கூலுக்குப் போகணும் இல்ல? மிச்சம் பண்ணது நீங்க, அதுக்குக் கூலி இல்லாம வேலை பாக்கறது யாரு? அதை உங்க நோட்டுல எந்தப் பக்கம் எழுதறீங்க?

குடியாத்தம்_லுங்கி

அக்கா வந்தாங்க, ஆட்டம் முடிஞ்சுது 😀

சத்துவாச்சாரிக்காரன்

அக்கா, கீரை ஆயறது நான்தான். கல் பொறுக்கறது எங்கம்மா, அவங்களுக்கு அது பொழுதுபோக்கு.

காந்திநகர்_அக்கா

அது பொழுதுபோக்குன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா? தொக்கு பத்தி பதிலே காணோம்.

பாலாற்றுமணல்

தொக்கு கிடக்கட்டும், நான் நகைச்சீட்டுக்கு வரேன். அண்ணாத்த, நீங்க வாரம் 50 ரூபா பேரத்துல மிச்சம் பிடிக்கறதா வெச்சுப்போம். வருஷத்துக்கு 2,600. சீட்டு முடிஞ்சு அஞ்சு பவுன் எடுக்கறீங்க, 40 கிராம். சேதாரம் 15 சதவீதம்னா 6 கிராம், அதாவது முக்கால் பவுன். கிராம் பத்தாயிரத்தைத் தாண்டி நிக்கற காலத்துல அது அறுபதாயிரத்துக்கு மேல. ஒரே நாள்ல, ஏ.சி. ரூம்ல உக்காந்து, கூல் டிரிங்க்ஸ் குடிச்சுக்கிட்டே இருபத்திமூணு வருஷப் பேரத்தை அந்த கவுண்டர்ல விட்டுட்டு வரீங்க. அதுக்கு மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. அங்க "கூறு இருபதுக்குக் குடு"ன்னு வாய் வருமா?

சீட்டு ஏன் 11 மாசம்னு தெரியுமா? வாடிக்கையாளர்கிட்ட வாங்கின முன்பணத்தை 365 நாளைக்குள்ள பொருளா குடுக்கலைன்னா அது டெபாசிட் கணக்குல வந்துடும், 2014 கம்பெனி டெபாசிட் விதி அப்படி. அதுக்குத்தான் அந்த அவசரம். ஏதோ நமக்குச் செய்யற சலுகை இல்லை.

சத்துவாச்சாரிக்காரன்

சீட்டுக்காரங்களுக்கு சேதாரத்தைக் கழிச்சுடறாங்களே.

பாலாற்றுமணல்

ஒரு அளவு வரைக்கும். வீட்டுல விரல் நீட்டற மாடலுக்கு அந்த அளவு பத்தாது, போய்ப் பாருங்க. பொண்ணுக்குத் தங்கம்தான் வேணும்னா கல்யாணம் வரைக்கும் நகையா வாங்காதீங்க. அரசாங்கத் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்கு அப்புறம் புதுசா வரலை. கோல்டு இ.டி.எஃப். இருக்கு, பங்குச்சந்தையில யூனிட்டா வாங்கற தங்கம். பேங்க்ல வேலை பாக்கறவருக்கு நான் சொல்லணுமா?

இன்னொண்ணு, இந்த ஊர்ல இருக்கறதால சொல்றேன். 2022-ல காட்பாடிப் பக்கம் மாசா மாசம் வட்டின்னு வசூல் பண்ணி இழுத்து மூடினாங்களே, அதுல போட்டவங்க யாரு? ஊதாரி கிட்ட போட ஏது பணம்? எங்க தெருவுலயே பஸ்ஸுக்குப் பத்து ரூபா குடுக்க யோசிச்சு நடந்து போன ஆளு அஞ்சு லட்சம் போட்டார். இன்னிக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு நடக்கறார். சில்லறையை இறுக்கிப் பிடிக்கறவனுக்கு நோட்டுக்கட்டு போறப்போ கண்ணு தெரியறதில்லை, இதான் என் பாயிண்ட்.

ஓய்வு_வாத்தியார்

மணல் சொன்னது சரி. இனி தம்பியோடு எனக்குள்ள சண்டை. ரேஷன் அரிசியை ஏன் வாங்குகிறீர்கள்?

சத்துவாச்சாரிக்காரன்

ஐயா, வருமான வரி பிடிச்சுட்டுத்தான் சம்பளம் தராங்க. தமிழ்நாட்டுல பொது விநியோகம் எல்லாருக்கும்னு வெச்சிருக்காங்க, 2011-ல இருந்து அரிசிக்குக் காசும் இல்லை. நான் வாங்கித் திங்கறேன். வாங்கி வித்துடறவங்களைக் கேளுங்க. ரயில்ல மூட்டை மூட்டையா ஆந்திராவுக்குப் போறது நம்ம ஊர் வழியாத்தானே?

ஓய்வு_வாத்தியார்

கடத்துகிறவனைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. எல்லோருக்கும் என்று வைத்தது, தகுதி பார்க்கிறேன் என்று ஏழையை வாசலில் நிறுத்தக் கூடாதே என்பதற்காக. அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ, பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். நான் பென்ஷன்காரன், மாற்றிவிட்டேன். சிக்கனம் என்றால் தன் கையைக் கட்டிக்கொள்வது. அரசாங்க அரிசியில் இட்லி சுடுவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சத்துவாச்சாரிக்காரன்

அப்ப காந்திநகர் அக்கா டவுன் பஸ்ல டிக்கெட் எடுக்கறாங்களா?

காந்திநகர்_அக்கா

எடுக்கறதில்லை, 2021-ல இருந்து இலவசமாத்தான் போறேன். நான் ஏறினாலும் ஏறாட்டியும் பஸ் ஓடத்தான் போகுது. நான் ஏறினதால எந்தப் பொம்பளையும் கீழ இறங்கலை.

ஓய்வு_வாத்தியார்

அம்மா, அந்த டிக்கெட்டுக்கும் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. உங்களுக்கும் அதே கேள்விதான்.

காந்திநகர்_அக்கா

கேளுங்க ஐயா, கேளுங்க. நாப்பது வருஷமா வீட்டு வேலைக்குச் சம்பளம் குடுக்காத அரசாங்கம் பத்து ரூபா டிக்கெட்டைக் குடுக்குது. நான் திருப்பித் தர மாட்டேன்.

குடியாத்தம்_லுங்கி

மார்க்கெட்பையன் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ திட்டற அண்ணன் மார்க்கெட்டுக்கு வரார், உங்கம்மா முகத்தைப் பாத்து வாங்கறார். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் ஃபோன்லயே வெங்காயம் வாங்கறாங்க. டெலிவரி சார்ஜ், அந்த சார்ஜ், இந்த சார்ஜ்னு போட்டாலும் வாயே திறக்க மாட்டாங்க. சூப்பர் மார்க்கெட்ல ஸ்டிக்கர்ல இருக்கற விலையை அப்படியே கட்டறாங்க. அவங்களால உங்கம்மாவுக்கு எத்தனை ரூபா வந்துது?

மார்க்கெட்பையன்

அது நெஜம்தான். அவங்களால வந்தது நாஸ்தி. சனிக்கிழமை கூட்டம் முன்ன மாதிரி இல்லைன்னு அம்மாவே சொல்லும்.

ஆனா வரேன்றதுக்காக இன்னா வேணா கேக்கலாமா? டோல்கேட் உழவர் சந்தைக்குப் போங்க. போர்டுல விலை எழுதியிருக்கும், மொத்த விலையை விட கொஞ்சம் கூட, வெளிக்கடையை விட கம்மி. 1999-ல ஆரம்பிச்ச திட்டம் இன்னும் நடக்குதுன்னா காரணம் அதான். அங்க யாரும் பேரம் பேசறதில்லை, யாருக்கும் கௌரவம் குறையலை. எங்கம்மா கிட்டயும் அப்படி ஒரு விலை கேட்டு வாங்குங்கன்றேன்.

முள்ளுக்கத்திரிக்காவது பேசாம குடுங்க சார். இலவம்பாடியில பறிக்கறப்போ முள்ளு கையைக் கிழிக்கும். 2023-ல புவிசார் குறியீடு வந்துதுன்னு பேப்பர்ல போட்டாங்க. சந்தையில "இது என்ன, சாதா கத்திரிக்காவை விட பத்து ரூபா ஜாஸ்தி"ன்னுதான் இன்னிக்கும் கேக்கறாங்க. உழுதவன் கணக்கு பாத்தா உழக்கு மிஞ்சாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

சத்துவாச்சாரிக்காரன்

முள்ளுக்கத்திரிக்கு நான் பேரம் பேசினதே இல்லை, சத்தியம். அது கிடைச்சாலே போதும்.

ஓய்வு_வாத்தியார்

பையா, ஒன்று கேட்கிறேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-ல் ஸ்வநிதி கடன் வந்ததே, அம்மா வாங்கவில்லையா? முதல் தவணை 10,000 ஆக இருந்தது, இப்போது 15,000. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம். தண்டலில் நூறு நாளைக்கு 8,500 வாங்கி 10,000 கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்.

மார்க்கெட்பையன்

வாங்கிச்சு ஐயா. முதல் 10,000 வாங்கி, தவணை தப்பாம கட்டி முடிச்சுது. அந்த வருஷம் தண்டல்காரன் எங்க பக்கம் வரலை. ரெண்டாவது தவணைக்குப் போனப்போதான் ஆதார்ல ஒரு பேரு, வியாபாரி கார்டுல ஒரு பேருன்னு நிறுத்திட்டாங்க. அம்மா வியாபாரத்தை விட்டுட்டு எத்தனை வாட்டி போவும்? மறுபடி தண்டல்தான்.

சத்துவாச்சாரிக்காரன்

எந்த எழுத்து மாறியிருக்குன்னு ரெண்டையும் ஃபோட்டோ எடுத்துத் தனிச்செய்தியில அனுப்பு. முதல் கடனை அடைச்சதுக்கு பேங்க்ல குடுத்த கடிதம் இருந்தா அதையும் சேர்த்து அனுப்பு, இல்லைன்னா முதல்ல அதைக் கேட்டு வாங்கு. எங்க பிராஞ்ச் இல்லைன்னாலும் யாரைப் பாக்கணும்னு சொல்றேன். பேரம் பத்தி என் கருத்து மாறலை, அது வேற.

காந்திநகர்_அக்கா

தொக்கு பத்தி இன்னும் பதில் வரலை.