புதுப்பிப்பு: கோபன்ஹேகனிலிருந்து ஒரே நாளில் இரண்டு கோட்டைகள், முதுகுப்பையோடு

க்ரோன்போர்க், பிரடெரிக்ஸ்போர்க் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடியும், அவசரமில்லாமலே.

பலித்தது, "நடுவில் கோபன்ஹேகனுக்குத் திரும்பாதீர்கள்" என்ற யோசனைதான். காலையில் மத்திய நிலையத்திலிருந்து ஹெல்சிங்கோருக்கு ரயில், சுமார் 45 நிமிடம். க்ரோன்போர்க் அங்கிருந்து நடைதூரம். பிறகு ஹெல்சிங்கோரிலிருந்தே, பிரடெரிக்ஸ்போர்க் இருக்கும் ஹில்லெரோடுக்கு உள்ளூர் ரயில், அரை மணி நேரம். கோபன்ஹேகனுக்குத் திரும்புவதற்கு எஸ்-ரயில் (புறநகர் ரயில்) ஏ தடம். தலைநகர்ப் பகுதி முழுவதற்குமான பெரிய சிட்டி பாஸ் (பயணச் சீட்டு) மூன்று ரயில்களுக்கும் செல்லும். சிறிய பாஸ் 1–4 கட்டண மண்டலங்களோடு முடிந்துவிடும், வாங்காதீர்கள்.

பெரிய பையை மத்திய நிலைய லாக்கரில் வைத்துவிடுங்கள். க்ரோன்போர்க்கின் நிலவறைகள் இருட்டு, தரை மேடுபள்ளம், சில இடங்களில் குனிந்துதான் போகவேண்டும், கைவிளக்கு உதவும்.

எதிர்பாராதது பிரடெரிக்ஸ்போர்க். 1859 தீவிபத்தில் உட்புறம் பெரும்பாலும் எரிந்தும் தேவாலயம் தப்பியது. டென்மார்க் மன்னர்களுக்கு அபிஷேகம் நடந்த இடம் அது. அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடுவார்கள்; அந்த மாதங்களில் வரிசையை மாற்றி ஹில்லெரோடுக்கு முதலில் போவது நல்லது. தோட்டத்துக்குக் கட்டணமில்லை.