தூங்கும் முன் ஒரு மணி நேரம் ஆட எந்த கேம்?

வணக்கம் நண்பர்களே. வேலை முடிந்து இரவில் கொஞ்ச நேரம் மட்டும் கேம் ஆடுகிற ஆள் நான். சமீபத்தில் ஆடியதில் ஹேடிஸ் ரொம்பப் பிடித்தது. செத்தாலும் கதை நகர்கிறது. ஆட்டத்தை எளிதாக்கும் காட் மோடைப் போட்டால் ஒவ்வொரு சாவுக்கும் 2% கூடுதல் பாதுகாப்பு, 80% வரை. வேகமில்லாத என் விரல்களுக்கு இது வரம்!

ஸ்டார்டியூ வேலி அழகுதான். ஆனால் பாத்திரம் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும், பாதியில் எழ முடியவில்லை. மீன்பிடிப்பு வேறு, பச்சைப் பட்டை மீனோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஹாலோ நைட்டில், மறுபடி தொடங்கும் இடமான பெஞ்சைத் தேடியே பொழுது போய்விடுகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கதை இருக்கணும், நினைத்த இடத்தில் நிறுத்த முடியணும், 8 ஜிபி ரேம் உள்ள, கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஓடணும். எதை வாங்கலாம்? அப்புறம், செலஸ்ட் ஆடியவர்கள் சொல்லுங்கள்: அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைத்து ஆடினால் சுவை கெட்டுவிடுமா?