அணை நிறைஞ்சிருக்கு, கடைவரம்பு காஞ்சிருக்கு: என்னதான் வழி?

கடைவரம்புக்காரன்:
கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, விதைத்து இருபது நாள் ஆகிறது. கடைவரம்பு என்றால் கால்வாயின் கடைசி முனை; அங்கே எங்கள் கால்வாயில் சேறு மட்டும்தான் இருக்கிறது. அணை திறந்தபோது மலர் தூவிய படத்தைப் பேப்பரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ கூட எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை. பேச்சிப்பாறை அணை 48 அடி, பெருஞ்சாணி அணை 77 அடி, போதாததற்கு இரண்டு சிற்றாறு அணைகள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம். அப்புறம் எப்படிக் கோடை வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது? கட்சி பேச வேண்டாம், வழி சொல்லுங்கள்.

ஓய்வு_ஓவர்சியர்:
தம்பி, பேச்சிப்பாறை கட்டி முடித்தது 1906-ல். இன்ஜினியர் மின்சின் துரை கட்டியது, அவர் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் மலையிலிருந்து மண் இறங்கினால் உள்ளே என்ன மிஞ்சும்? தூர் வாருங்கள், வண்டலை வயலில் போடுங்கள், மேலே இன்னொரு அணை கட்டுங்கள். மாத்தூரில் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம் கட்டி, ஆற்றுக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோன மாவட்டம் இது. முடியாத வேலை ஒன்றும் இல்லை.

விளவங்கோடு_வெள்ளம்:
அண்ணாச்சி, அணை இருந்தால் வெள்ளம் (எங்கள் பேச்சில் தண்ணீர்) வரும் என்று எங்களிடம் சொல்லாதீர்கள். கேரளத்து நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாயை எங்களுக்கும் சேர்த்துத்தான் வெட்டினார்கள். 2004-லிருந்து கேரளம் திறப்பதில்லை. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1956-ல் நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுக்கு வந்தோம், கடைசியில் வெள்ளம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இப்போது கால்வாயில் முள்ளும் கோழிக்கழிவும் கிடக்கின்றன. ஏலா (வயல்வெளி) முழுக்க ரப்பரும் வாழையும். நாளைக்கே திறந்தாலும் பாய்ச்ச வயல் எங்கே இருக்கிறது?

குளத்தங்கரை_டீச்சர்:
இரண்டு பேரும் மலையையும் எல்லையையும் பார்க்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறதே? மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள். ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்தது நிறையும், அப்படித்தான் வெட்டியிருக்கிறார்கள். மறுகால் ஓடையில் வீடு கட்டிவிட்டு, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று அழுகிறோம்.

எங்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். குளத்தை ஒருவர் மீனுக்குக் குத்தகை எடுத்திருந்தார். மீன் பிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பிப்ரவரி மாதம் மடையைத் திறந்துவிட்டார். மூன்று ராத்திரியில் குளம் காலி. அந்த வருஷம் ஏப்ரலில் எங்கள் தெருக் கிணறுகள் ஒன்றொன்றாக வற்றின. மழை குறைவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்த்து.

ஓய்வு_ஓவர்சியர்:
டீச்சர், குளம் நல்லதுதான். ஆனால் குளத்தை நிறைக்கிறதே அணைத் தண்ணீர்தானே. அணையில் இல்லாவிட்டால் குளத்தில் என்ன, தவளையா?

குளத்தங்கரை_டீச்சர்:
அணையில் தண்ணீர் இருந்த வருஷம்தான் நான் சொன்னது நடந்தது, அண்ணாச்சி.

முட்டம்_அலை:
வயல், குளம், கால்வாய். குடிக்கிற தண்ணீரைப் பற்றி யாராவது வாய் திறந்தீர்களா? எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வந்தால் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு லேட். ஆழமாகப் போர் போட்டால் உப்பு. முன்னால் முழுக்கக் கடல். சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர். எங்களுக்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்று போதும். வைத்தால் என்ன?

ஓய்வு_ஓவர்சியர்:
வைக்கலாம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் கரண்ட் போகும், யார் கட்டுவது? மிச்சமாகிற கெட்டி உப்புநீரைத் திரும்பக் கடலில்தான் விட வேண்டும். உங்கள் மீன்பாடு என்ன ஆகும்?

முட்டம்_அலை:
கணக்கா? நான் போடுகிறேன். வண்டியில் வருகிற தண்ணீர் குடம் பத்து ரூபாய். குடத்துக்குப் பதினைந்து லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 660 ரூபாய்க்கு மேல் இப்போதே கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் நான்கு யூனிட்டை நானே தருகிறேன், அண்ணாச்சி. உப்புநீர் விஷயம் மட்டும் நீங்கள் சொல்வது சரி. எங்கள் ஊர்க்காரர்களே அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோட்டாறு_மாடிவீடு:
ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை விழுந்தால் ஏறக்குறைய 930 லிட்டர். 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எல்லோரும் அதை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விளவங்கோடு_வெள்ளம்:
உங்கள் வீட்டில் செய்தாயிற்றா?

கோட்டாறு_மாடிவீடு:
குழாய் இருக்கிறது.

விளவங்கோடு_வெள்ளம்:
குழாய் எங்கே போய் முடிகிறது?

கோட்டாறு_மாடிவீடு:
முற்றத்தில். சிமென்ட் தளத்தில். பிளான் பாஸாக அது போதும் என்று மேஸ்திரி சொன்னார், நானும் விட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். இந்த ஐப்பசிக்குள் தரையை உடைத்துக் குழி எடுக்கிறேன், படம் போடுகிறேன்.

முட்டம்_அலை:
மணல் தரையில் குழியே வேண்டாம், ஓடு வேய்ந்த கூரையின் விளிம்புக்குக் கீழே ஒரு தொட்டி வைத்தால் போதும். அம்மா அப்படித்தான் பிடிப்பாள், மழைத் தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்பாள். ஆனால் தொட்டி எத்தனை நாளைக்கு வரும்? மாசி, பங்குனியில் என்ன செய்வது? ஆலை வேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை.

குளத்தங்கரை_டீச்சர்:
கடைவரம்புத் தம்பி எங்கே? தீயைப் போட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டாரே.

கடைவரம்புக்காரன்:
இருக்கிறேன் டீச்சர். அணையில் தண்ணீர் இருக்கிறது, திறந்தும் விட்டார்கள். நடுவில் எங்கே போகிறது என்று பார்க்க இன்று காலை பைக்கை எடுத்துக்கொண்டு கரை வழியே மேலே போனேன். எட்டு கிலோமீட்டருக்குள் ஆறு இடத்தில் கால்வாய்க்குள் மோட்டார்க் குழாய் கிடக்கிறது. ஒரு இடத்தில் ஷட்டர் பலகையையே காணோம், மணல் மூட்டை அடுக்கித் தோப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டே போனேன், நாளைக்கு மனுவோடு கொடுக்கலாம் என்று. ஐந்தாவது குழாய் போய் நிற்பது என் மாமனார் வாழைத்தோப்பில்.

ஓய்வு_ஓவர்சியர்:
அவரிடம் என்ன சொன்னீர்கள்?

கடைவரம்புக்காரன்:
சாயா போட்டுத் தந்தார். குடித்தேன்.

விளவங்கோடு_வெள்ளம்:
மனுவில் எத்தனை படம் வைக்கப் போகிறீர்கள், மக்கா? ஐந்தா, ஆறா?