வீட்டுக்கே வரும் தீவிர உதவி பிள்ளைகளை ஃபாஸ்டர் கேரிலிருந்து காக்கிறதா?

கொன்றை:
அமெரிக்காவில் 2018-ல் வந்த ஃபேமிலி ஃபர்ஸ்ட் சட்டப்படி, பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்து ஃபாஸ்டர் கேரில், அதாவது அரசு ஏற்பாட்டில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில், வைப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்துக்குச் செலவிட மாநிலங்களுக்கு மத்திய அரசின் பணம் கிடைக்கிறது, 12 மாதம் வரைக்கும். குழு விடுதியில் சேர்த்தால், சில விதிவிலக்குகள் தவிர, 2 வாரத்துக்கு மேல் அந்தப் பணம் வராது. இருந்தும் சிக்கலான நடத்தையுள்ள பதின்ம வயதுப் பிள்ளைகள் விடுதிகளுக்கே அனுப்பப்படுகிறார்கள். என் வாதம் இதுதான்: பணம் முதலில், தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து உதவும் ஹோம்பில்டர்ஸ் போன்ற சேவைக்குப் போகட்டும். 1974-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் தொடங்கிய முறை அது. ஒரு தெரபிஸ்டுக்கு ஒரே சமயத்தில் 2 குடும்பங்கள்தான். பரிந்துரை வந்த 24 மணி நேரத்துக்குள் முதல் சந்திப்பு. சுமார் 4 வாரம், நள்ளிரவிலும் கூப்பிடலாம். வாடகை பாக்கி போன்ற நடைமுறைச் சிக்கல்களுக்கும் அதே ஆள்தான் கைகொடுப்பார்.

அளவுகோல்:
கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இலினாய் மாநிலம் 1990-களில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, சேவை பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் பிள்ளை அகற்றப்பட்ட விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. பிறகு கென்டக்கி, நியூ ஜெர்சி, டென்னசியில் மத்திய அரசு நடத்திய ஆய்விலும் அதே கதை. காரணம் எளியது. “உடனடியாக அகற்றப்படும் நிலை” என்று முத்திரை குத்தி அனுப்பிய பிள்ளைகளில் பெரும்பாலோர், சேவை இல்லாமலே வீட்டில்தான் இருந்தார்கள். நடக்காத ஒன்றை எந்தச் சேவையாலும் தடுக்க முடியாது.

கொன்றை:
அந்தத் திட்டங்களில் எத்தனை அசல் முறையைப் பின்பற்றின என்பதையும் சொல்லுங்கள். வாஷிங்டன் மாநில அரசின் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2006-ல் பழைய ஆய்வுகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. முறையை ஒட்டி நடந்த திட்டங்களில் அகற்றல் 31% குறைந்திருந்தது. ஒட்டாதவற்றில் பலன் இல்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிவிட்டுப் பசுவைக் குறை சொல்லக் கூடாது. 2 குடும்பம் 6 ஆகும், 24 மணி நேரம் 3 நாளாகும், வேலை காலை 9 முதல் மாலை 5 வரை என்றாகும். பிள்ளை கதவை உடைப்பது இரவு 9 மணிக்கு.

அளவுகோல்:
“பலன் இல்லையா, அப்போது முறையைச் சரியாகப் பின்பற்றவில்லை” என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எந்தத் திட்டமும் தோற்காது, கொன்றை. எம்.எஸ்.டி. என்னும் பல்முனைச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். தெரபிஸ்டுக்கு 4 முதல் 6 குடும்பம், 3 முதல் 5 மாதம், வாராவாரம் வெளி நிபுணரின் மேற்பார்வை. முறை பிசகாமலிருக்க இவ்வளவு கண்காணிப்புள்ள சேவை வேறெங்கும் அரிது. இங்கிலாந்தில் 684 குடும்பங்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2018-ல் வந்தது. 18 மாதத்தில் வீட்டை விட்டு வெளியே வைக்கப்பட்டவர்கள் எம்.எஸ்.டி.யில் 13%, வழக்கமான சேவையில் 11%.

செவ்வந்தி:
குறுக்கிடுகிறேன். இங்கிலாந்தில் வழக்கமான சேவையே கனமானது. அமெரிக்காவின் பல கவுண்டிகளில் வழக்கமான சேவை என்றால் காத்திருப்போர் பட்டியல்தான். அந்த எண்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

இன்னொன்று: புறக்கணிக்கப்பட்ட கைக்குழந்தையையும், தன்னைக் கீறிக்கொண்டு தாயை அடிக்கும் 14 வயதுப் பையனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறீர்கள். அந்தப் பையன் வீட்டில் முதல் வாரம் பேச்சுச் சிகிச்சைக்கே இடமில்லை. மாத்திரை, கத்தி, சவரத்தகடு எல்லாம் பூட்டுப்பெட்டிக்குள் போக வேண்டும், துப்பாக்கி வீட்டை விட்டே வெளியேற வேண்டும். தம்பி தங்கை எந்த அறைக்கு ஓடுவார்கள், யார் யாரை அழைப்பது என்று எழுதி ஒட்ட வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கொந்தளிப்புக்கும் முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறிக்க வேண்டும். ஃபோனைப் பிடுங்கியதும் அடி, அடித்ததும் ஃபோன் திரும்பக் கிடைக்கிறது என்று தெரிந்தால், தாய் மாற்ற வேண்டியது அந்தக் கடைசிக் கண்ணியை. மாற்றத் தொடங்கியதும் சில நாள் அடி கூடும். சேவை உடைவது பெரும்பாலும் அங்கேதான். “மோசமாகிறது” என்று பயந்து, குடும்பத்தைக் கவனிக்கும் குழந்தைகள் நலத்துறை ஊழியரான கேஸ் ஒர்க்கர் பிள்ளையை எடுத்துவிடுகிறார். இதை முன்கூட்டியே அவரிடமும் பெற்றோரிடமும் சொல்லி வைக்காத தெரபிஸ்ட் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

அளவுகோல்:
செவ்வந்தி சொல்வது சரி. அதை 4 வாரத்தில் முடிக்க முடியுமா?

செவ்வந்தி:
முடியாது. 4 வாரத்தில் நெருப்பை அணைக்கலாம், பிறகு மாதக்கணக்கில் ஒருவர் தொடர வேண்டும். கலிபோர்னியாவில், ஃபாஸ்டர் கேர் பிள்ளைகளின் மனநலச் சேவைக்காகத் தொடுத்த கேட்டி ஏ. வழக்கின் 2011 உடன்படிக்கைக்குப் பிறகு, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடி-கால் அரசுக் காப்பீட்டில் தீவிர வீட்டுச் சேவையும், அதை ஒருங்கிணைப்பவரும் உரிமையாயின. காகிதத்தில் அருமை. ஆனால் 2023 ஜூலையில் கட்டண முறை மாறியதும் பயண நேரத்துக்குத் தனியாகப் பில் போட முடியாமல் போனது, அது சேவைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம் என்றார்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் போய்க் கதவைத் தட்டினால் பையன் ஓடிப்போயிருக்கிறான், வருமானம் பூஜ்யம். மலைப்பகுதிக் குடும்பங்களை ஏற்க நிறுவனங்கள் தயங்காமல் என்ன செய்யும்?

கொன்றை:
கட்டணத்தை நிமிடக் கணக்கில் தராமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதத்தொகையாகத் தர வேண்டும். விழித்திருந்து தொலைபேசிக்குக் காத்திருப்பதும் வேலைதான்.

அளவுகோல்:
மாதத்தொகை என்றால் லேசான கேஸ்களை எடுத்துக் கணக்குக் காட்டுவார்கள். என் நிபந்தனை: அகற்றக் கோரி நீதிமன்றத்தில் மனு தயாரான பிள்ளைகள், மனநல வார்டிலிருந்து வெளிவரும் பிள்ளைகள், விடுதியிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் — இவர்களுக்கு மட்டும் இடம். அப்போதுதான் பணம் உண்மையில் ஒரு அகற்றலைத் தடுத்ததா என்று தெரியும்.

கொன்றை:
கடைசி இரண்டும் எனக்குச் சம்மதம். மனு வரைக்கும் காத்திருப்பது சம்மதமில்லை. மனு தயாராகும் நேரத்தில் போலீஸ் இரண்டு மூன்று தடவை வந்துபோயிருக்கும், பையன் பேரில் வழக்கே இருக்கலாம். ஒரே மாதத்தில் இரண்டாவது போலீஸ் அழைப்பு அல்லது பள்ளி இடைநீக்கத்தோடு அவசரப் பிரிவுச் சேர்க்கை, இதை எல்லையாக வைக்கலாம்.

அளவுகோல்:
அதற்கு ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த எல்லைக்குள் வருவோரைக் குலுக்கலில் பிரித்து ஒரு வருடம் கணக்கெடுக்க வேண்டும். இடம் எப்படியும் எல்லாருக்கும் போதாது.