புதுப்பிப்பு: கிளைடர் ரேடியோவுக்கு எந்த வோல்ட் பேட்டரி?

கிளைடரில் (இன்ஜின் இல்லாத விமானம்) பேசும்போது மட்டும் ரேடியோ அணைகிறதே, 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி போதாதா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும், ஆனால் மயிரிழையில்தான். முழு சார்ஜில் 12.7 காட்டுவது பறக்கப் பறக்க 12-க்கு இறங்கும். பேச்சுப் பொத்தானை அழுத்தினால் 2 ஆம்பியர் இழுக்கிறது; வயர், ஃபியூஸ், சுவிட்ச் சேர்த்து 0.3 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட் போச்சு, மிச்சம் ரேடியோவுக்குப் போதாமல் அணையலாம். அதனால் மீட்டரை ரேடியோவின் பிளக்கில் வைத்து, பொத்தானை அழுத்தியபடி பாருங்கள். பேட்டரி முனையில் அளப்பது வீண்.

நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் என் தேர்வு. கிட்டத்தட்ட கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். தொல்லையும் அதுதான்: வோல்ட்மீட்டர் முன்கூட்டி எச்சரிக்காது, சார்ஜ் தீர்ந்ததும் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பட்டென்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சார்ஜர் அந்த வகைக்கானதாகவே இருக்கட்டும். முழு சார்ஜில் 14.4 வரை ஏறும், ரேடியோ தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.